ரோம் விழுந்த கதையும் ஜீவனஹள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

ஸ்டெல்லா அனுப்பிய குரல்செய்தி பதினொரு விநாடிதான். "வாசு, முழுசா படிச்சுட்டேன். ரொம்ப நல்லா இருக்கு. லாஸ்ட் சாப்டர் மட்டும் பரீட்சை நோட்ஸ் மாதிரி இருக்கு. சாரி." மலேசியாவில், ஈப்போவில் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடி அதை மூன்று முறை கேட்டேன். அதன்பிறகு இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

அவள் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம். முப்பத்தொரு வருடம் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்தவள் நான். ரோமப் பேரரசு ஏன் வீழ்ந்தது என்றால், ஆறு காரணங்கள். எண் போட்டுப் பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், தேர்வில் அப்படியே திருப்பித் தருவார்கள். ஓய்வு பெற்றபின் சாதாரண வாசகர்களுக்காகத் தமிழில் ரோமைப் பற்றி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தேன். பதினொரு அத்தியாயம் தடையில்லாமல் வந்தது. பன்னிரண்டாவதில், பேரரசு விழவேண்டிய இடத்தில், கை தானாக அந்த ஆறு காரணங்களை எழுதிவிட்டது.

ஸ்டெல்லா பெங்களூர்க்காரி. ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து, ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். நான்கு வருடத்துக்கு முன் உறவினர் கல்யாணத்துக்காக ஈப்போ வந்தபோது, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தோழி. மாதத்தில் ஒரு ஞாயிறு ஜீவனஹள்ளியில் ஒரு சின்ன மண்டபத்தில் வாசிப்புக் கூட்டம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற ஜனங்கள் வந்து ஒரு புத்தகத்தை மாதம் ஒரு பகுதியாகப் படிக்கிறார்கள். மூன்றாவது மாதம் அவளே மறுபடி செய்தி அனுப்பினாள்: "எங்க ஆளுங்க இப்ப ரோம் படிக்கிறாங்க. ஏன் விழுந்துச்சுன்னு கேக்குறாங்க. எனக்குத் தெரியல. நீ வந்து சொல்லு. சொன்னா எழுதவும் வரும்."

கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பெங்களூரில் இறங்கி, ஆட்டோவில் போகும்போதே ஸ்டெல்லாவை அழைத்து ரோம் விழுந்ததைப் பற்றி எத்தனை நிமிடம் பேசுவது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ரூம் வுழுந்துடுச்சா மேடம்? எந்த ஏரியா?"

"ரூம் இல்லைங்க. ரோம். இத்தாலி பக்கம், பெரிய பேரரசு."

"எப்ப வுழுந்துச்சு?"

"ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆச்சு."

"அப்ப பேஜார் இல்ல," என்று நிம்மதியாகக் கியரை மாற்றினார்.

பெயர் முனுசாமி. ஈஜிபுராவில் குடியிருக்கிறார். அப்பா திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவராம். இவர் பிறந்தது இங்கேதான். என்னோடு தமிழ், சிக்னலில் போலீஸ்காரரோடு கன்னடம், பக்கத்து ஆட்டோக்காரரோடு உருது என்று மூச்சு விடாமல் மாறினார். எங்கள் ஊரிலும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவோம். ஆனால் நாங்கள் ஒரே வாக்கியத்துக்குள் மூன்றையும் போட்டுக் குழைப்போம். இவர் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துப் பரிமாறினார்.

நகரம் எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஈப்போவின் வெயிலுக்கு இந்த அக்டோபர் காற்று மலைப்பிரதேசம் மாதிரி இருந்தது. வண்டி நகராமல் நின்ற நேரமெல்லாம் மேலே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய பார்க்க முடிந்தது.

ஸ்டெல்லா தன் அண்ணன் சேவியரோடு இருக்கிறாள். அவருக்கு எழுபத்தொன்று. தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர், மனைவி இறந்து சில வருடங்களாகின்றன. இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ச் சோறும் உருண்டைக் குழம்பும் வைத்திருந்தார்கள். மூன்றாவது முறை சோறு வாங்கும்போது சேவியர் அண்ணன் கேட்டார்:

"ரோம் பத்தி புக் எழுதுறியாமே. ரோமுக்குப் போயிருக்கியா?"

"இல்லைங்கண்ணே."

"நான் போயிருக்கேன். பாரிஷ்ல புனித யாத்திரை. ரெண்டு நாள் ரோம்ல." சுவரில் கொலோசியத்தின் முன் தொப்பியோடு நிற்கும் தன் படத்தைக் காட்டினார். "அங்க பாத்ஹவுஸ் ஒண்ணு காட்டினாங்க. நம்ம ரயில்வே ஸ்டேஷன் சைஸ். குளிக்கிறதுக்கு மட்டும். அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. குடி, விருந்து, குளியல். அதுலதான் ஒழிஞ்சாங்க. இதுக்கு ஒரு புக்கா?"

ஸ்டெல்லா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை மரியாதைக்காக, "பசியாறிட்டிங்களா அண்ணே?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். அவர் செய்தித்தாளை இறக்கினார்.

"எனக்குப் பசியே எடுக்கலையே. அப்புறம் எங்கேருந்து ஆறும்?"

"டிஃபன் ஆச்சான்னு கேக்குறா," என்று உள்ளேயிருந்து ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள்.

டிஃபனுக்கு அவள் என்னை நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு சின்ன ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி. சாம்பாரில் வெல்லம். முதல் வாய்க்கு நாக்கு எதிர்த்தது, நான்காவது வாய்க்கு இன்னொரு கரண்டி கேட்டேன். ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கமும் நன்றாயிருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் கன்னடத்தில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டை என்று கேட்டேன். ஸ்டெல்லா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சட்னி முன்ன மாதிரி இல்ல, எல்லாம் கெட்டுப்போச்சுங்கிறாரு அவரு. இவரு, முப்பது வருஷம் முன்னாடியும் நீ இதையேதான் சொன்னேங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரோமர்களும் அப்படித்தான். ஊர் கெட்டுவிட்டது, இளைஞர்கள் சொகுசில் ஊறிவிட்டார்கள் என்று அவர்களுடைய பெரிய மனிதர்கள் எழுதத் தொடங்கியபோது, பேரரசு விழுவதற்கு இன்னும் ஐந்நூறு வருடம் பாக்கி இருந்தது. அந்தப் புலம்பல்களைத்தான் பின்னால் வந்தவர்கள் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் ஆறு காரணங்களில் இரண்டாவது அதுதான், 'ஒழுக்கச் சீர்கேடு'. இதைச் சேவியர் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே தனியாக ஊர் சுற்றக் கிளம்பினேன். எண்ணைச் சரியாகப் பார்த்து, எதிர்த்திசையில் போகும் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மாள் தமிழில் தந்தாள்: "எறங்கி எதிர்ல நிக்கணுமாம். வெக்கப்படாதீங்க, நானும் புதுசுல இப்படித்தான் ஊரைப் பாத்தேன்."

அன்று மாலை ஸ்டெல்லாவின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து நாற்பத்திரண்டு படங்களைச் சரிபார்த்தேன். வரைபடங்கள், நாணயங்கள், இடிந்த தூண்கள். ஸ்டெல்லா எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாசு, ஒண்ணு சொல்லணும். போன மாசம் ஒரு ப்ரொஃபசர் வந்து பேசினாரு. நல்லவரு. ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு போட்டாரு. வந்தவங்க ஒவ்வொருத்தரா எழுந்து போயிட்டாங்க. கடைசியில ஒன்பது பேரு. அவங்களுக்கு வாரத்துல ஒரு நாள்தான் லீவு. அதுல ரெண்டு மணி நேரத்தை நமக்குத் தர்றாங்க. இன்னொரு தடவை அப்படி ஆனா கூட்டமே இருக்காது."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டே? என் சாப்டரையும் பரீட்சை நோட்ஸ்னுதானே சொன்னே?"

"உன் மத்த பதினொரு சாப்டரையும் படிச்சதாலதான்," என்றாள், பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஞாயிறு மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டெல்லா முன்னதாகவே போய்விட்டாள். முனுசாமி என்னை ஏற்றிக்கொள்ள வந்தபோது, சேவியர் அண்ணன் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு வாசலில் நின்றார். "நேர்ல பாத்தவன் ஒருத்தன் இருந்தா நல்லது," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். ஏழு வருடமாக ஸ்டெல்லா இந்தக் கூட்டத்தை நடத்துகிறாள். அவர் ஒரு முறைகூட எட்டிப் பார்த்ததில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவருக்கு வேலை இருந்ததில்லை.

ரயில் பாதைக்கு அடியில் போகிற சின்னச் சுரங்க வழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. முனுசாமி சற்று யோசித்து வண்டியை இறக்கினார். நடுவில் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. தண்ணீர் கால் வைக்கும் இடத்துக்கு ஏறியது. பின்னால் ஹாரன்.

"எறங்கித் தள்ளணும் சார். மேடம் உக்காரட்டும்."

நான் உட்காரவில்லை. மடிக்கணினிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். சேவியர் அண்ணன் தன் ஷூவை ஒரு முறை பார்த்தார். பிறகு இறங்கி, முழங்கால் தண்ணீரில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலையில் இருந்த தோள் அது. வண்டி மேட்டில் ஏறியதும், மூச்சிரைக்க, "எஞ்சினை இப்ப ஸ்டார்ட் பண்ணாதே, தண்ணி போயிருக்கும்," என்று முனுசாமிக்கு உத்தரவு போட்டார். மிச்சத் தூரத்தையும் தள்ளிக்கொண்டே போனோம். முக்கால் மணி நேரம் தாமதம்.

மண்டபம் மாடியில். உள்ளே புத்தர் சிலை, சிவப்புச் சிமென்ட் தரை, சுவரோரம் புத்தக அலமாரி. முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். யாரும் போகவில்லை. மழையில் எங்கே போவது என்று பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. மின்சாரம் இல்லை. நாற்பத்திரண்டு படங்களும் பைக்குள்ளேயே இருக்கவேண்டியதுதான். எல்லோரும் நனைந்து நிற்கும் எங்கள் மூவரையும் பார்த்தார்கள்.

ஸ்டெல்லா என்னிடம் ஒரு துண்டையும் ஒரு சாக்பீஸையும் கொடுத்தாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் குனிந்து கடலை வரைந்தேன், மத்தியதரைக் கடல், ஆள் நீளத்துக்கு மூன்று மடங்கு. பிறகு எல்லோரையும் அதன் கரையில் உட்காரச் சொன்னேன். ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் வட ஆப்பிரிக்கா. மாடிப்படிப் பக்கம் ஸ்பெயினும் பிரான்சும், அன்றைக்குப் பிரான்சுக்குக் கால் என்று பெயர். தண்ணீர்க் குடத்தருகே எகிப்து, சிரியா, கான்ஸ்டாண்டிநோபிள். சேவியர் அண்ணனுக்கு முட்டி மடங்காது, அவருடைய நாற்காலியை இத்தாலியில் போட்டோம். ஈரக் கால்சட்டையோடு அவர் ரோமாக உட்கார்ந்தார்.

"இந்தக் கடலைச் சுத்தி இருக்கிற அத்தனை பேரும் ஒரு ராஜ்ஜியம்," என்று தொடங்கினேன். "இவங்க கட்டுற வரியிலதான் எல்லையில நிக்கிற படைக்குச் சோறு. மேற்குப் பாதிக்கு ரொம்ப முக்கியமானது ஜன்னல் பக்கம், ஆப்பிரிக்கா. தானியமும் வரியும் அங்கேருந்துதான் கொட்டுச்சு."

ஜன்னல் பக்கத்தார் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தளபதிகள் அரியணைக்காக ஒருவரோடொருவர் மோதியதைச் சொன்னேன். வெளிப்பகைவனைவிட அவர்கள் அதிகம் அடித்தது தங்களையேதான். பிறகு வடக்கே ஹூணர்கள் துரத்தியதால் கோத்து இன மக்கள் குடும்பம் குடும்பமாக டான்யூப் நதிக்கரைக்கு வந்து, உள்ளே விடுங்கள் என்று கெஞ்சியதைச் சொன்னேன். விட்டார்கள். விட்டுவிட்டுப் பட்டினி போட்டார்கள். சாப்பாட்டுக்கு ரோம அதிகாரிகள் நாய்களைப் பிடித்துக் கொடுத்தார்கள், ஒரு நாய்க்கு ஈடாக ஓர் ஆள், சில இடத்தில் பெற்ற பிள்ளை, அடிமையாக. அந்தக் காலத்து ரோமர் ஒருவரே இதை வெட்கத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

குடத்தருகே இருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "அப்புறம் அடிக்காம வுடுவாங்களா?"

"விடலை. ரெண்டே வருஷம். அதே ஜனங்க ஒரு ரோமப் பேரரசரையே போர்க்களத்துல சாய்ச்சுட்டாங்க."

அதன்பிறகு ரைன் நதி எல்லையும் உடைந்தது. பிரான்சுப் பக்கத்து ஆட்களை எழுந்து சுவரோரம் போய் நிற்கச் சொன்னேன். ஸ்பெயினையும் எழுப்பினேன். கடைசியாக வாண்டல்கள் என்ற இன்னொரு கூட்டத்தார் கடல் தாண்டிப்போய் ஆப்பிரிக்காவின் தலைநகர் கார்த்தேஜைப் பிடித்தார்கள் என்று சொல்லி, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். ஆப்பிரிக்கா எழுந்து போனது. தரையில் சாக்பீஸ் கடலின் மேற்குப் பாதியில் சேவியர் அண்ணனும் இன்னும் நான்கு பேரும்தான் மிச்சம்.

"இப்ப படைக்குச் சோறு யார் போடுவாங்க?"

படிக்கட்டிலிருந்து முனுசாமியின் குரல் வந்தது. "ஒருத்தரும் போடமாட்டாங்க. படை வேற மொதலாளிகிட்ட போயிடும்."

"அதுதான் நடந்துச்சு," என்றேன். ஆறு காரணங்களையும் எழுதியிருக்கிறேன், இதை இவ்வளவு நேராக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கடைசிப் பேரரசன் ஒரு சிறுவன். அவனைக் கொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வருடாவருடம் படி அளந்து, கடலோரம் ஒரு மாளிகைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பென்ஷனா?" என்று யாரோ கேட்க, மண்டபம் சிரித்தது. ஓய்வூதியக்காரரான சேவியர் அண்ணனும் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த நொடி கையைத் தூக்கினார்.

"குளியல் பத்தி நீ சொல்லவே இல்லையே. நான் நேர்ல பாத்தேன்."

"அண்ணே, அந்தக் குளியலறையெல்லாம் கட்டினது ரோம் பலமா இருந்தப்ப. குடத்துப் பக்கம் பாருங்க, கிழக்கு. அங்கேயும் அதே குளியல், அதே விருந்து, அதே சாமி. அவங்க யாரும் எழுந்திருக்கலையே. இன்னும் ஆயிரம் வருஷம் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாங்க."

அவர் கிழக்கைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "சிலபேர் சர்ச் மேல பழி போடுறாங்க. அப்ப அதனாலயும் விழல," என்றார்.

"அதனாலயும் இல்ல."

"அது போதும்," என்று திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

அப்போதுதான் குடத்தருகே இருந்த அதே பெண் எழுந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையை இறுக்கி வாரியிருந்தாள். பெயர் சரசா என்று ஸ்டெல்லா சொன்னாள்.

"அக்கா, நான் தெருப் பெருக்குற வேலை. ராஜா கதை, படைக் கதை புரிஞ்சுது. அந்த ரோம்ல தெருவைப் பெருக்குனவங்க, சாக்கடை அள்ளுனவங்க இருந்திருப்பாங்க இல்ல. ரோம் வுழுந்தப்ப அவங்க இன்னா ஆனாங்க? அவங்க அழுதாங்களா?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கோத்துப் படை ரோமை முற்றுகையிட்டபோது நகரத்திலிருந்து ஆயிரக்கணக்கான அடிமைகள் வெளியேறி அந்தப் படையோடு சேர்ந்துகொண்டார்கள் என்றேன்.

"அப்ப அவங்களுக்குக் கதவு தொறந்துச்சு," என்றாள்.

"கொஞ்சம் பேருக்கு. ஆனா இன்னொண்ணும் இருக்கு. ரோம் இருந்த காலத்துல சாதாரணக் குடியானவன் வீட்டிலும் நல்ல பானை இருந்துச்சு, சில ஊர்ல மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஓடு போட்டிருந்தாங்க. அதுக்கப்புறம் பல ஊர்ல பானை மட்டமாயிடுச்சு, ஓடு போய்க் கூரை வந்துடுச்சு. தோண்டி எடுத்த எலும்பைப் பார்த்தா மாடுகூடச் சின்னதாயிடுச்சு. அதனால ஏழைகளுக்கும் நஷ்டம்தான்."

சரசா யோசித்தாள். "பானை கதை சொல்லுது, மாட்டு எலும்பு கதை சொல்லுது. அந்த ஆளுங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அவங்க எழுதி வெச்சது எதுவும் நமக்குக் கிடைக்கலை."

"அப்ப அழுதாங்களா, சிரிச்சாங்களா?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டெல்லாவும் பார்த்தாள். வகுப்பறையில் என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மணி அடிக்கும்.

"தெரியலம்மா," என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு வகுப்பிலும் சொல்லாத சொல். சொன்னதும் தோளிலிருந்து எதுவோ இறங்கியது. சரசாவுக்கு அது ஏமாற்றமாகத் தெரியவில்லை.

"புக்குல அதை எழுதுவீங்களா? தெரியலன்னு?"

"எழுதுறேன்."

கூட்டம் முடிந்து டீயும் பன்னும் வந்தது. சேவியர் அண்ணன் டீக்கிளாஸோடு சரசாவிடம் போனார். "ஏம்மா, உன் பேரென்ன? எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே."

"சரசா சார். உங்க தெருதான் பெருக்குறேன். பதினோரு வருஷமா. உங்க கேட் பக்கத்துல செண்பக மரம். பூ கொட்டுனா நீங்க சத்தம் போடுவீங்க."

"இத்தனை வருஷம் பேரு கேட்டதே இல்லை," என்றார் அவர், அவளிடமா தன்னிடமா என்று தெரியவில்லை.

"இன்னிக்குக் கேட்டீங்களே," என்று சொல்லிவிட்டுச் சரசா எனக்கு இன்னொரு பன் எடுத்து வந்தாள். "நாளைக்கு எங்க வூட்டுக்கு வாங்கக்கா. டூட்டி முடிஞ்சு மூணு மணிக்கு. களி கிண்டுறேன்."

திங்கட்கிழமை நானும் ஸ்டெல்லாவும் கிளம்பும்போது சேவியர் அண்ணன் பேக்கரியிலிருந்து கேக் டப்பா வாங்கி வந்து எங்களுக்கு முன்பாக ஆட்டோவில் ஏறினார். ஷூ காயவில்லை என்று செருப்பு போட்டிருந்தார்.

சரசாவின் வீடு ஒற்றை அறையும் சின்னச் சமையலறையும். ராகிக் களியும் மட்டன் குழம்பும். களியை மெல்லக்கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்கவேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். நான் மென்றேன், பல்லில் ஒட்டிக்கொண்டது, எல்லோரும் சிரித்தார்கள். ஈப்போவில் என் அம்மாவும் கேழ்வரகில் கூழ் காய்ச்சுவாள். இந்த உருண்டையை நான் கண்டதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சரசா தானாகவே சொன்னாள்.

"முன்ன ஒருவாட்டி நாங்கல்லாம் சேர்ந்து வேலைக்குப் போகல. மொத நாள் யாருக்கும் தெரியல. ரெண்டாம் நாள் மூட்டைங்க நின்னுச்சு. மூணாம் நாள் நாத்தம். நாலாம் நாளு பெரிய தெருவுல ஒரு அம்மா போன் பண்ணி, எப்ப வருவேன்னு கேட்டாங்க. ஊரு வுழுந்துடல. ஆனா நாங்க இருக்கோம்னு தெரிஞ்சுது. நேத்து நீங்க கதை சொல்லச் சொல்ல எனக்கு அதான் ஓடிச்சு. எல்லாத்தையும் எழுதுறாங்க, அந்த நாலாம் நாளை எழுத மாட்டேங்குறாங்க."

"எந்த வருஷம் அது?" என்று கேட்டார் சேவியர் அண்ணன்.

அவள் சொன்னாள். அவருக்கு ஞாபகம் வந்தது. "அந்த நாத்தம் எனக்குத் தெரியும். நான் முனிசிபாலிட்டியைத் திட்டி எடிட்டருக்கு லெட்டர் எழுதினேன்." பிறகு, "உங்களைப் பத்தி அதுல ஒரு வரியும் இல்ல," என்றார். சரசா கேக்கை வெட்டி முதல் துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

வீடு திரும்பியதும் அத்தியாயத்தைத் திறந்து ஆறு காரணங்களையும் அழித்தேன். டான்யூப் கரையிலிருந்து தொடங்கினேன். வரி, படை, உள்நாட்டுப் போர், ஆப்பிரிக்கா, இவையெல்லாம் தத்தம் இடத்தில் தாமாக வந்து உட்கார்ந்தன. கடைசிப் பக்கத்தில் தெருப் பெருக்கியவர்களைப் பற்றி நமக்குத் தெரியாது என்று எழுதி, ஏன் தெரியாது என்றும் எழுதினேன். இருட்டுவதற்குள் முடிந்தது. ஸ்டெல்லா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். பிறகு எழுந்துபோய் எனக்காக ஒளித்துவைத்திருந்த திராட்சை ஒயினைக் கொண்டுவந்தாள். எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முனுசாமி வந்தார். எஞ்சின் பிழைத்துவிட்டது. பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது தெருமுனையிலிருந்து சரசா துடைப்பத்தோடு வந்தாள். கேட்டருகே கொட்டியிருந்த பூக்களைச் சேவியர் அண்ணன் முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, போறதுக்குள்ள ஒண்ணு. எங்க பக்கம், குடத்துப் பக்கம். கிழக்கு. அது மட்டும் ஏன் வுழல? அதே ராஜ்ஜியம்தானே?"

எத்தனையோ அறிஞர்கள் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி அது. நான் பையை இறக்கி வைத்தேன். "அது வந்து சரசா, அவங்க தலைநகரத்தோட மதில்..."

"மேடம், இப்ப கெளம்பலன்னா ஃப்ளைட் இல்ல," என்றார் முனுசாமி.

"நீ போம்மா," என்று சேவியர் அண்ணன் முறத்தோடு முன்னால் வந்தார். "நான் சொல்றேன். ஸ்டெல்லாகிட்ட உன் சாப்டர் வாங்கி ராத்திரியே படிச்சுட்டேன்."

ஆட்டோ நகர்ந்தது. "கவனி சரசா," என்று அவர் தொடங்குவது கேட்டது. "கான்ஸ்டாண்டிநோபிள் ஒரு மலை உச்சியில இருக்கு. ஒருத்தரும் ஏறிப்போக முடியாது."

அது கடலோரம் இருக்கிற ஊர். திருத்துவதற்காகத் தலையை வெளியே நீட்டினேன். சரசா துடைப்பத்தின்மேல் இரு கைகளையும் ஊன்றி, தலையை லேசாகச் சாய்த்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கேள்வியை அவள் எடுத்துவிட்டாள் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முனுசாமியைப் போகச் சொன்னேன்.